கையெழுத்து ஒத்துப்போகவில்லை

பேங்க்ல வேலை பாக்கறவரா நீங்க? இல்லையா? கழுத்துல அட்டை தொங்குதே, அதான் கேட்டேன். காலேஜ் வாத்தியாரா? நல்லது, நல்லது. அப்பத் தாராளமா உக்காருங்க தம்பி. பேங்க்காரனா இருந்தா இந்த சீட்ல துண்டைப் போட்டு, ஆள் வருதுன்னு சொல்லியிருப்பேன். திருச்சி வரைக்கும் கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே வரட்டும்.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

என் பேரு குழந்தைவேலு. சார்பதிவாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். எங்க தாலுகாவுல நீங்க எந்த வீட்டுக்கு வேணும்னாலும் போங்க, பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுக்கச் சொல்லுங்க. என் கையெழுத்து இல்லாத பத்திரம் இருந்தா எனக்கு வந்து சொல்லுங்க. அண்ணன் தம்பிக்குள்ள வெட்டுக்குத்து ஆகி கோர்ட்டுக்குப் போனவங்க கூட, 'கையெழுத்து ஐயாவோடதுதான்'னு ஒத்துக்கிட்டுத்தான் மேல வாதாடுவாங்க. அப்படிப்பட்ட கையெழுத்து.

அதைப் பாத்து ஒரு பேங்க்காரன் சொல்றான், ஒத்துப்போகலைன்னு.

எந்த பேங்க்னு கேக்காதீங்க. பேரைச் சொன்னா என் வாய்தான் நாறும். எல்லாம் ஒரே குட்டையில ஊறினதுதான். உள்ள போனதும் மெஷின்ல ஒரு சீட்டு கிழிக்கணும். நம்பரைக் கூப்பிடற வரைக்கும் குளிர்ல வெறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். சலான் எழுத ஒரு பேனா வெச்சிருப்பான், அதை நூல்ல கட்டிப் போட்டிருப்பான். பேனாவைக் கட்டிப் போடறவன் மனுசனை நம்புவானா? கோடி கோடியா வாங்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடிப்போறவனுக்கு எந்திரிச்சு நின்னு காபி குடுப்பான். நம்மகிட்ட மட்டும் பூதக்கண்ணாடி.

இந்தக் கோடையில நடந்த கதை இது. பங்குனி பொறந்ததுமே வீட்டுல போர் வத்திப்போச்சு. மோட்டாரைப் போட்டா காத்துதான் வருது. வீட்டுல நான், மருமக சுகந்தி, பேத்தி, அவ்வளவுதான். பையன் இளம்பரிதி சிங்கப்பூர்ல இருக்கான். என் சம்சாரம் போய்ச் சேந்து நாளாச்சு. சுகந்தியை நான் குறை சொல்ல மாட்டேன், என்னை நல்லாத்தான் பாத்துக்கிட்டா. அந்த பேங்க் புகுந்து நாசம் பண்றவரைக்கும்.

புதுசா போர் போடணும்னா, வண்டிக்காரன் ரொக்கம் கைக்கு வந்தாத்தான் வண்டியே கிளம்பும்னுட்டான். சரின்னு சுகந்தியைக் கூப்பிட்டு செக் எழுதச் சொன்னேன். அவ பேருக்கே, ரெண்டு லட்சம். பேரு, தேதி, தொகை எல்லாம் அவதான் எழுதினா. நான் கையெழுத்து மட்டும் போட்டேன். ஆபீஸ்லயும் அப்படித்தான். குமாஸ்தா எழுதுவான், நான் போடுவேன். அந்தப் பழக்கம் இன்னும் போகலை.

அவ பேத்தியைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு அப்படியே பேங்க்குக்குப் போனா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். போன் அடிச்சது. ஒரு பொம்பளைக் குரல்.

"சார், பேங்க்லேர்ந்து பேசறோம். சுகந்தின்னு ஒருத்தருக்கு நீங்க ரெண்டு லட்சத்துக்கு செக் குடுத்தீங்களா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "கையெழுத்து ஒத்துப்போகலை சார், அதான் கேக்கறோம்"னா.

எனக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. "யார்கிட்டம்மா பேசறே? என் கையெழுத்து ஒத்துப்போகலையா? இத்தனை வருஷத்துல ஒரு கோடு மாறினது கிடையாது. ஒத்துப்போகலைன்னா அது என் கையெழுத்தே இல்லை! போ, கண்ணைக் கழுவிட்டு வந்து பாரு"ன்னு சொல்லிப் போனை வெச்சுட்டேன்.

சரியாத்தானே கேட்டேன்? படிச்சவளுக்கு இதுக்கு என்ன அர்த்தம்னு புரிய வேண்டாமா? 'நல்லா உத்துப் பாரு, ஒத்துப்போகும்'னு அர்த்தம். அந்த அறிவுக்கொழுந்துங்க என்னன்னு எடுத்துக்கிட்டாங்க தெரியுமா? 'இது என் கையெழுத்து இல்லை'ன்னு கணக்குக்காரரே சொல்லிட்டாராம்! ஒரு மனுசன் கோவத்துல ஒரு வார்த்தை சொன்னா அதைப் பிடிச்சுக்கிட்டே தொங்கறதா? நான் அந்த எரிச்சல்ல போனை அணைச்சுப் போட்டுட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுத்துட்டேன்.

அங்க என்ன நடந்ததுன்னு அப்புறம்தான் தெரியும். பேங்க் வாசல்ல துப்பாக்கியோட நிப்பாரே அந்தோணிசாமி, பட்டாளத்துல இருந்தவரு, அவர்தான் சொன்னாரு. சுகந்தியை மேனேஜர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. சுத்திலும் கண்ணாடி. வெளியில டோக்கனை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற மொத்த ஊரும் பாக்குது. பேத்திக்கு டியூசன் எடுக்கற டீச்சர் உக்காந்திருக்கா. எங்க தெரு மளிகைக்கடைக்காரன் உக்காந்திருக்கான். இவளை ஸ்டூல்ல உக்கார வெச்சு, போனை மேசை மேல வைக்கச் சொல்லி, கதவுக்கு அந்தோணிசாமியைக் காவல் போட்டிருக்கான் அந்த மேனேஜர். அருண்பிரசாத்துன்னு பேரு. மீசை கூட ஒழுங்கா முளைக்கலை.

கேள்வி என்ன கேள்வின்றீங்க? செக் புத்தகத்தை மாமனார் எங்க வைப்பாரு? உனக்கும் அவருக்கும் சண்டையா? புருசன் பணம் அனுப்பறானா இல்லையா? இதுக்கு முன்னாடி இப்படி எத்தனை செக்கு போட்டே? தொகை எழுதினது உன் எழுத்துதானே? அப்பக் கையெழுத்தும் நீதானே?

இவ, "மாமா போட்டதுதான் சார், அவருக்குப் போன் போடுங்க"ன்னிருக்கா.

"அவர்கிட்டப் பேசிட்டோம்மா. என்னுது இல்லைன்னு அவரே சொல்லிட்டாரு."

அந்த இடத்துல இவ முகம் வெளுத்துப் போச்சுன்னு அந்தோணிசாமி சொன்னாரு. இருக்காதா பின்னே? பொய் சொல்றானேன்னு இருந்திருக்கும். மறுபடி எனக்குப் போன் அடிக்கச் சொல்லியிருக்கா. அடிச்சிருக்காங்க, அணைச்சு வெச்சிருக்கு. அப்புறம் அந்த மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் போட்டு, "மாமனார் கையெழுத்தை நீ ஒரு தடவை போட்டுக் காட்டு"ன்னிருக்கான். எழுத்தை ஒப்பிட்டுப் பாக்கணுமாம்.

இவ கையைக் கட்டிக்கிட்டு, "அவர் கையெழுத்தை நான் போட மாட்டேன் சார். என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க"ன்னுட்டா.

அந்த வரைக்கும் மெச்சறேன். வளந்த விதம் அப்படி.

ஸ்டேசனுக்குச் சொல்லிடலாமான்னு மேனேஜர் யோசிக்கிறதைப் பாத்துட்டு அந்தோணிசாமிதான் பைக்கை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்கு வந்தாரு. "ஐயா, உங்க மருமக அங்க உக்காந்து அழுவுது, கிளம்பி வாங்க"ன்னாரு. நான் பதறலை. பதறிக்கிட்டு ஓடினா அவனுங்களுக்கு எளக்காரமாப் போயிடும். குளிச்சேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெத்திக்கு விபூதி. சட்டை போடத்தான் கொஞ்சம் நேரமாச்சு. அந்தோணிசாமி வந்து ஒத்தாசை பண்ணினாரு. நல்ல மனுசன்.

உள்ள நுழைஞ்சேன் பாருங்க. டோக்கனாவது மண்ணாவது. நேரா கண்ணாடி ரூமுக்குப் போய், "யாருய்யா மேனேஜரு? சார்பதிவாளர் வீட்டு மருமகளை ஸ்டூல்ல உக்கார வெச்சவன் யாரு?"ன்னேன். வெளியில இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு நின்னுட்டாங்க. சுகந்தி என்னைப் பாத்தா. கண்ணெல்லாம் வீங்கியிருக்கு. "மாமா, நீங்க போட்டதுன்னு சொல்லுங்க மாமா"ன்னா, அவ்வளவுதான்.

அவன் மெதுவா, "சார், நீங்கதானே போன்ல இது உங்க கையெழுத்து இல்லைன்னு சொன்னீங்க?"ன்னான்.

"நான் சொன்னது உனக்குப் புரியலை. தாளை எடு. பேனாவை எடு. என் கண்ணு முன்னாடி வெச்சு ஒப்பிட்டுப் பாரு"ன்னேன்.

தாளைக் குடுத்தான். போட்டேன்.

ஒரு விசயத்தைச் சொல்றேன் தம்பி, அந்த ரூம்ல ஏ.சி. எந்த அளவுக்கு வெச்சிருந்தான்னா பல்லு தந்தியடிக்குது. மேசை வேற கண்ணாடி மேசை, வழுக்குது. அந்தப் பேனா, உரசிக்கிட்டே போகுது, மை இறங்க மாட்டேங்குது. இதுல எவன் போட்டாலும் கையெழுத்து இழுத்துக்கிட்டுத்தான் போகும். கோழி கிளறின மாதிரி வந்தது. பேனா சரியில்லைன்னேன். வேற குடுத்தான். அதுவும் சரியில்லை. அவன் சட்டைப் பையிலேர்ந்தே ஒண்ணு எடுத்துக் குடுத்தான், பளபளன்னு, நல்ல விலை இருக்கும். அதுவும் அப்படித்தான்.

அவன் அந்தத் தாளையும் செக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தான். அவன் முகமே மாறிப்போச்சு. தப்புப் பண்ணிட்டோம்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. எந்திரிச்சு நின்னுட்டான். "சாரி மேடம்"னு சுகந்தியைப் பாத்துச் சொன்னான். அப்புறம் என்கிட்ட, "சார், இப்ப ஒத்துப்போகுது. செக்குல இருக்கறதும் இதுவும் ஒரே மாதிரி இருக்கு. நீங்க போட்டதுதான். கணக்கு ஆரம்பிக்கறப்ப நீங்க போட்டுக் குடுத்த பழைய மாதிரிக் கையெழுத்துதான் இப்ப மாறிப்போச்சு"ன்னான்.

கவனிச்சீங்களா அந்தப் பேச்சை? இந்தக் கோழிக் கிளறல் என்னோடதாம். பழசுதான் மாறிப்போச்சாம்! ஊரே நின்னு பாக்குது. அந்த டீச்சர் பாக்கறா, மளிகைக்காரன் பாக்கறான். இதை என் கையெழுத்துன்னு நான் ஒத்துக்கணுமாம்.

"இது என் கையெழுத்து இல்லை"ன்னேன்.

"சார், இப்பத்தானே என் கண்ணு முன்னாடி போட்டீங்க?"

"போட்டது நான்தான். ஆனா இது என் கையெழுத்து இல்லை."

"அப்ப செக்குல இருக்கறது?"

"அதுவும் இல்லை"ன்னேன்.

நியாயம்தானே? இது இல்லைன்னா அதுவும் இல்லைதானே? நான் ஆயுசுக்கும் வார்த்தை மாறிப் பேசினவன் கிடையாது.

மேனேஜர் சுகந்தியைப் பாக்கறான், அந்தோணிசாமி தரையைப் பாக்கறாரு. அப்பத்தான் தம்பி அந்தப் பொண்ணு வாயைத் திறந்தா. திறந்திருக்க வேண்டாம்.

"மாமாவுக்குக் கை நடுங்குது சார். தீபாவளிக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டுது. டாக்டர்கிட்டக் கூப்பிட்டா வர மாட்டேங்கறாரு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நினைக்கிறாரு, அதான் நானும் இவ்வளவு நேரம் சொல்லலை. சட்டைப் பொத்தான் நான்தான் போட்டு விடறேன். சாப்பாட்டுல குழம்பு நான்தான் பிசைஞ்சு வைக்கிறேன். அந்தக் கையெழுத்தை அவரு தாள் தாளா எழுதிப் பாத்துட்டு அடுப்புல போடறதை நான் பாத்திருக்கேன் சார்."

ஊர் முன்னாடி. பொத்தான் வரைக்கும். குழம்பு வரைக்கும்.

என்ன பாக்கறீங்க? இதுவா? சட்டையைக் காத்தாடத் திறந்து விட்டிருக்கேன். வெயில் என்ன கொளுத்து கொளுத்துது.

அந்த மேனேஜருக்கு அப்பத்தான் ரொம்ப இரக்கம் பொங்குது. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார். இது வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். ஒண்ணும் பிரச்சினை இல்லை, கணக்குல மேடத்தையும் சேத்துக்கலாம். இல்லைன்னா பெருவிரல் ரேகை வெச்சுக்கலாம், அதுக்கு விதி இருக்கு"ன்னு சொல்லி, மை டப்பாவை என் பக்கம் தள்ளினான்.

மை டப்பா! எனக்கு!

இந்தக் கையால எத்தனை ஆயிரம் பேரோட பெருவிரலைப் பிடிச்சு உருட்ட விட்டிருக்கேன்னு அவனுக்குத் தெரியுமா? 'ரேகை வெக்கிற ஆளெல்லாம் அந்தப் பக்கம் நில்லு'ன்னு அதட்டினவன் நான். ஒரு தடவை ஒரு வயசான ஆளு, சொந்த நிலத்தை மக பேருக்கு எழுத வந்தான். பழைய பத்திரத்துல இருக்கற கையெழுத்துக்கும் அவன் இப்பப் போட்டதுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது. பக்கவாதம் வந்துட்டுதுங்கய்யா, கை வரலைங்கய்யான்னு கெஞ்சினான். ரேகையாவது வெச்சுக்குங்கன்னு அந்த மக காலைப் பிடிச்சா. நான் திருப்பி அனுப்பிட்டேன். ஒத்துப்போகலைன்னா ஒத்துப்போகலை, ஆள்மாறாட்டமா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? அது சட்டம். இவனுங்க பண்றது அராஜகம். அதுவும் இதுவும் ஒண்ணாகாது.

நான் எந்திரிச்சு வந்துட்டேன். அந்தோணிசாமி பைக்ல கொண்டுவந்து விடறேன்னாரு, வேண்டாம்னு வெயில்ல நடந்தே வந்தேன். சுகந்தி அங்கயேதான் உக்காந்திருந்தா. அவளைக் கூட்டிட்டு வரணும்னு எனக்குத் தோணலை, தோணும்படியா அவ நடந்துக்கலை.

அப்புறம் சுகந்தி வீட்டுக்கு வந்தா. சமைச்சா. எனக்குச் சோத்தைப் பிசைஞ்சு வெச்சா. நான் தொடலை. சாயங்காலம் பேத்தி வந்ததும், ரெண்டு பையில துணியை எடுத்துக்கிட்டு, "அம்மா வீட்டுக்குப் போறேன் மாமா"ன்னா. பட்டுக்கோட்டை. எத்தனை நாளைக்குன்னு நான் கேக்கலை, அவளும் சொல்லலை. வாசல்வரைக்கும் போனவ திரும்பி வந்து, "அவங்க என்னைத் திருடின்னு சொன்னப்பக்கூட எனக்கு அழுகை வரலை மாமா"ன்னா. அப்புறம் போயிட்டா.

இதுக்கு என்ன அர்த்தம் தம்பி? நீங்க படிச்சவர், சொல்லுங்க. இவ அழுதான்னு அந்தோணிசாமி சொல்றாரு, இவளோ அழுகை வரலைங்கறா. பேங்க்ல குடுத்த அதிர்ச்சியில மூளை குழம்பிப்போச்சு, வேற என்ன?

பையன் போன் பண்ணினான். எடுத்த எடுப்புலயே, "அப்பா, 'நான்தான் போட்டேன்'னு ஒத்தை வார்த்தை. உங்க வாயிலேர்ந்து அது வரலையே"ங்கறான். சொல்லிக்குடுத்திருக்கா. "போட்டேன்னுதான்டா சொன்னேன், அங்க இருந்தவங்களைக் கேளு"ன்னேன். வெச்சுட்டான். அதுக்கப்புறம் போன் இல்லை. ஒரு நல்ல குடும்பத்தை எப்படிப் பிரிச்சுப் போட்டுட்டாங்க பாத்தீங்களா, அந்தப் பாவிங்க?

சரி, அந்தக் கணக்கே வேண்டாம், மூடித் தொலைங்கன்னு போனேன். மூடறதுக்கும் கையெழுத்து வேணுமாம்! போட்டேன். ஒத்துப்போகலையாம். பென்சன் வந்து வந்து உள்ளேயே கெடக்குது. ஏ.டி.எம். கார்டெல்லாம் நான் வாங்கினதே கிடையாது, மெஷின்கிட்டக் கையேந்தறதான்னு. வாசல்ல தண்ணி வண்டிக்காரன் கடனைக் கேட்டுட்டுப் போறான். மூணு வேளையும் மெஸ்சுல இட்லி. இட்லின்னா பிசைய வேண்டியதில்லை பாருங்க.

அதுக்காக விட்டுடுவேனா? திருச்சியில அவனுங்களுக்குப் பெரிய ஆபீஸ் இருக்கு. அங்கதான் போறேன். இந்தா பாருங்க, புகார் மனு. கம்ப்யூட்டர் சென்டர்ல உக்காந்து, நான் சொல்லச் சொல்ல அடிக்க வெச்சேன். படிங்க. 'மேற்படி மேலாளர் எனது கையொப்பத்தை அவமதித்தும், எனது மருமகளைக் குற்றவாளிபோல் நடத்தியும், எனது குடும்பத்தில் பிளவை உண்டாக்கியும்...' எப்படி இருக்கு? ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ முடியாது. அந்த மேனேஜரைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்தற வரைக்கும் நான் ஓய மாட்டேன்.

கீழயா? ஆமா, காலியாத்தான் இருக்கு. அதான் இன்னும் போடலை. பஸ் இந்த ஆட்டம் ஆடுதே, இதுல எப்படிப் போடறது?

கீரனூர் வந்துட்டுது. டீக்கு நிப்பாட்டறான். நல்லதாப்போச்சு, இப்ப ஆடாது. தம்பி, நீங்க இறங்காதீங்க, ஒரு நிமிசம். உங்க பையில பேனா இருக்கே. எழுதற கை உங்களுது, நல்லா நிதானமா இருக்கும். இந்த இடத்துல எனக்காக ஒரு கையெழுத்துப் போடுங்க. எப்படிப் போடணும்னு நான் சொல்றேன்.

நானே போடலாம்தான். படிக்கற கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன், இது தூரத்துக்கு. அட, என்ன யோசிக்கிறீங்க? திருட்டுத்தனமாவா போடறீங்க? உடையவன் பக்கத்துல உக்காந்து சொல்றேன், தப்பு என்ன வந்துட்டுது? வாத்தியார் வேலை பாத்துக்கிட்டு இவ்வளவு பயந்தா எப்படி?

ஆங், அப்படி. முதல்ல 'அ'. எங்கப்பா அங்கமுத்து. அந்த 'அ'வுக்கு வயிறு நல்லா உருண்டு வரணும், ஒட்டிப்போகக் கூடாது. புள்ளி. இப்ப 'குழந்தைவேலு'. கூட்டெழுத்து, கையைத் தூக்காம ஒரே இழுப்பு. 'ழ'வோட காலை இன்னும் கீழ இறக்குங்க. இன்னும். 'லு' முடிஞ்சதும் நிக்காதீங்க, அப்படியே அடியில கோடு, இடது பக்கமா, 'கு' வரைக்கும். ம். ம். அதுக்குக் கீழ ரெண்டு புள்ளி. அழுத்தி வைங்க, பயப்படாதீங்க.

குடுங்க பாப்போம்.

ஆகா.

பாத்தீங்களா தம்பி? ஒரு இடத்துல நடுக்கம் உண்டா? அன்னைக்கு அந்தக் கண்ணாடி ரூம்ல கேட்டானே, கொண்டுபோய் அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டணும். இதுதான் என் கையெழுத்து.